எச்சில் படாத விரிப்பு

அப்பா ஆபரேஷனுக்கு வர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். பயம் என்றால் தைரியம் சொல்லியிருப்பேன். அவர் சொன்ன காரணம் வேறு. ஒரு கம்பளத்தை அதன் சொந்தக்காரரிடம் சேர்க்காமல் ஆபரேஷன் டேபிளில் ஏற மாட்டாராம்.

பாண்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் பார்த்து, இதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு, இனிமேல் தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அட்மிஷனுக்கு நாளும் குறித்தாகிவிட்டது. நான் லீவு சொல்லி, பையைக்கூட அடுக்க ஆரம்பித்துவிட்டேன். அப்போதுதான் கடலூர் திருப்பாப்புலியூரில் என் வீட்டு ஹாலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, ஏதோ தூரத்து உறவுக் கல்யாணத்துக்கு வரவில்லை என்பது மாதிரி சாவகாசமாகச் சொல்கிறார்.

"அடுத்தவன் பொருள வெச்சிக்கினு போயிட்டா அந்தப் பாவம் உங்களுக்குத்தான் வரும். மொதல்ல அது போவட்டும்."

"அந்த ஆளு எங்க இருக்காருன்னே தெரியாதேப்பா. இருக்காரா இல்லையான்னே தெரியாது."

"அதான் நானும் யோசிக்கிறேன்."

எனக்கு வந்த கோபத்தைக் கேட்கவே வேண்டாம். யோசிக்கிறாராம்! அடைப்பு யோசித்துக்கொண்டு நிற்குமா?

அப்பாவுக்கு ஸ்ரீமுஷ்ணம் பக்கம். கரும்பும் நெல்லுமாக இருந்த குடும்பத்தில் முதன்முதலில் ஸ்டியரிங் பிடித்தவர். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மஸ்கட்டில் தண்ணி லாரி ஓட்டினார். அங்கே அவரோடு ஒரே அறையில் இருந்தவர் ஒரு பலூச்சிக்காரர், அவரும் டிரைவர். ஈரானும் பாகிஸ்தானும் சேர்கிற வறண்ட சீமையிலிருந்து கடல் தாண்டிப் பிழைக்க வந்தவர். அப்பா வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பிய அன்று, ஏர்போர்ட் வாசலில் ஒரு துணி மூட்டையை அப்பா கையில் திணித்தார். ஒன்றும் சொல்லவில்லை, அழுதாராம். அப்பாவும் அழுதிருப்பார், அதை மட்டும் சொல்ல மாட்டார். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் உள்ளே இந்தக் கம்பளம்.

பார்த்ததும் அப்பா முடிவு பண்ணிவிட்டார், இது தொழுகிற பாய் என்று. அம்மாவும் தலையாட்டினாள். முஸ்லிம் ஒருத்தர் கம்பளம் கொடுத்தால் வேறு எதற்கு இருக்கும்? ஆனால் தொழுகிற பாயைப் போய் எதற்கு அப்பாவிடம் கொடுக்க வேண்டும்? பத்திரமாக வைத்திரு, பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்றுதான் கொடுத்திருப்பார். இதுவும் அப்பாவே போட்ட கணக்கு. அதற்குள் அங்கே கம்பெனியை மூடிவிட்டார்கள், போன் நம்பர் செத்துப்போனது. விசாரித்த இடத்திலெல்லாம் அவர் சொந்த ஊருக்கே போய்விட்டதாகச் சொன்னார்கள். கம்பளம் மட்டும் எங்கள் வீட்டு இரும்புப் பெட்டிக்குள் உட்கார்ந்துவிட்டது.

அம்மா அதற்குக் கொடுத்த மரியாதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். வருஷத்துக்கு ஒரு தரம் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பாள். மொட்டைமாடியில் வெள்ளை வேட்டி விரித்து, அதன் மேல் கம்பளத்தைக் காயவைத்து, வேப்பிலை போட்டு மறுபடி மடிப்பாள். அன்றைக்கு மாடிப்படியில் யாரும் எதையும் மென்றுகொண்டு ஏறக் கூடாது. ஒரு தடவை நான் கையில் முறுக்கோடு கிட்டே போய்விட்டேன். "எச்சக் கையோட வராதடி, அவுங்க தொழுவுறது!" என்று முதுகில் வைத்தாள் பாருங்கள் ஒன்று. எங்கள் வீட்டு சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து நாங்கள் பஜ்ஜி தின்போம், ஒன்றும் சொல்ல மாட்டாள். கம்பளத்துக்கு மட்டும் அவ்வளவு சுத்தம். அம்மா போனபிறகு அப்பா என்னோடு வந்து தங்கியபோது கொண்டுவந்த சாமான் ரொம்பக் கம்மி. அந்தப் பெட்டி அதில் ஒன்று.

சரி, சொந்தக்காரர் இல்லையென்றால் தொழுகிற இடத்திலாவது சேர்த்துவிடலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். லால்பேட்டையில் அப்பாவின் மஸ்கட் சிநேகிதர் ஒருவர் இருக்கிறார். வேறு கேம்ப்பில் தங்கியவர், வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பார்த்துக்கொள்வார்களாம். ஆனாலும் இன்றுவரை இரண்டு பேரும் மச்சான் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள், எனக்கு அவர் மாமா. காரில் கம்பளத்தைப் பின் சீட்டில் தனியாக வைத்து, சிதம்பரம் வழியாக, வீராணம் ஏரிக்கரையோடு போய் இறங்கினோம்.

மாமா கம்பளத்தை வாங்கி விரித்துப் பார்த்தார். "பள்ளிவாசல்ல குடுத்துடு மச்சான், நாலு பேரு தொழுதா எனக்கு நிம்மதி" என்றார் அப்பா.

மாமா நேரான மனுஷர். வாய்க்கு இதமாகப் பேசத் தெரியாது. "மச்சான், நீ சொல்றதப் பாத்தா இது அமானிதம். ஒருத்தர் நம்பி ஒப்படைச்ச பொருளு. அது அவரு கையிலதான் சேரணும். அவரு இல்லன்னா அவரு புள்ளைங்க கையில. பள்ளிவாசலுக்குக் குடுத்துட்டா உன் பொறுப்பு தீந்துதுன்னு நான் எப்பிடிச் சொல்றது?"

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. எனக்கு மாமாவைப் பார்த்து, ஏன் மாமா, ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துபோகும் என்று கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் அவர் கம்பளத்தை மடித்துக்கொடுக்கும்போது தனக்குத்தானே பேசுவது மாதிரி ஒன்று சொன்னார். "தொழுவுற பாயின்னா ஒரு பக்கம் வளைவு மாதிரி போட்டிருப்பாங்க, எந்தப் பக்கம் தலைன்னு தெரியும். இதுல ரெண்டு பக்கமும் ஒண்ணாவே இருக்குது. அவுங்க ஊர்ல எப்பிடியோ."

வீட்டுக்குத் திரும்பிய அப்பா மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். "போட்டுக்கோங்கப்பா" என்றால், "போடுறேன்" என்கிறார், வாய்க்குக் கொண்டுபோக மாட்டேன் என்கிறார். பேரம் பேசி, மிரட்டி, கடைசியில் நானே வாயில் போட்டேன். எனக்கு அழுகையாக வந்தது. அம்மாவை இழந்து சரியாக மூச்சுவிடுவதற்குள் இவரையும் ஒரு கம்பளத்துக்காக இழக்க வேண்டுமா?

நான் சிதம்பரத்தில் ஒரு லேபில் டெக்னீஷியன். தினம் கடலூரிலிருந்து பஸ்ஸில் போய்வருகிறேன். கறை, படிவு, துளி, நூல், இதையெல்லாம் பூதக்கண்ணாடியில் பார்ப்பதுதான் என் பிழைப்பு. யாராவது 'இப்படித்தான் இருக்கும்' என்றால் எனக்குப் பிடிக்காது. இருக்கும் என்று யார் சொன்னது, ஸ்லைடு போடு, பார்க்கலாம். அப்படிப்பட்டவள், எங்கள் வீட்டிலேயே இத்தனை வருஷமாக ஒரு பொருள் 'இப்படித்தான் இருக்கும்' என்று கிடக்கிறது, ஒரு தடவைகூட ஏன் நன்றாகப் பார்க்கவில்லை? அம்மா முதுகில் வைத்த அடி இன்னும் இறங்கவில்லை போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை மாடியில் விரித்தேன். அம்மா இருந்திருந்தால் துடித்திருப்பாள், நான் குளிக்கக்கூட இல்லை.

நடுப்பாகம் வெறுமையாக இருந்தது. பூவும் இல்லை, மரமும் இல்லை, சாயமே போடாத ஒட்டக நிறம். சுற்றிலும் கருநீலமும் செங்கல் சிவப்புமாகக் கரை. கரையிலிருந்து பல் பல்லாகக் கோணங்கள் நடுவை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தன, நாலு பக்கமிருந்தும் விரல்கள் நீள்வது மாதிரி. ஓரத்தைக் கறுப்பான முரட்டு மயிரால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். நடுவே நீளவாக்கில் ஒரு தையல். இரண்டு பட்டையாக நெய்து ஒன்றாக்கியிருக்கிறார்கள்.

போட்டோ எடுத்து, பழைய கம்பளங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் கூடுகிற ஒரு இணையக் குழுவில் போட்டேன். அப்பப்பா, அவர்கள் சண்டை போடுவதைப் பார்க்க வேண்டுமே! பலூச்சி நெசவுதான் என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனார்கள். கறுப்பு ஓரம் ஆட்டு மயிர், அந்த இருண்ட சிவப்பும் நீலமும் அவர்கள் நிறம் என்றார்கள். இரண்டு பட்டையாக இருப்பதால் கூடாரத்தோடு சுருட்டி எடுத்துப்போகிற சின்னத் தறி, நாடோடிக் குடும்பத்துப் பெண் நெய்தது என்றார் ஒருத்தர். ஊரைக் கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கைகாட்டினார்கள். ஒருவர் ஈரானின் கிழக்கு என்றார், இன்னொருவர் பாகிஸ்தான் பக்கத்து மக்ரான் கடற்கரை என்றார். அந்த ஜனங்களோ எல்லைக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஆடு மேய்த்தவர்கள், கம்பளத்துக்கு மட்டும் பாஸ்போர்ட் கேட்டால் எப்படி?

எதற்கு உபயோகம் என்று கேட்டதற்குத்தான் அடிதடி. ஒட்டக நிற நடுப்பாகம் தொழுகைப் பாய்க்கும் உண்டு, அதனால் தொழுகைப் பாய்தான் என்று ஒருவர். இல்லை, வளைவு எங்கே, இது சாப்பாட்டு விரிப்பு, நடுவில் ரொட்டியை வைத்துச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள், நடுப்பாகம் வெறுமையாக இருப்பதே அதற்குத்தான் என்று இன்னொருவர். ஒருவரை ஒருவர் அவமானப்படுத்திக்கொள்ள ஆரம்பித்ததும் போனை மூடி வைத்தேன். நீங்கள் அடித்துக்கொள்ளுங்கள், கம்பளம் என் கையில் அல்லவா இருக்கிறது.

ஒரு ஆள் ஒரே திசையில் நின்று, மண்டியிட்டு, நெற்றி வைத்து வருஷக்கணக்காகத் தொழுதால் தேய்மானம் அதற்கேற்ற இடத்தில் இருக்க வேண்டும். பாதம் நிற்கிற இடம், முட்டி படுகிற இடம். இதில் அப்படி எதுவும் இல்லை. தேய்ந்திருந்தது கரைதான், அதுவும் நாலு பக்கமும். சுற்றிலும் ஆட்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முட்டி உரசி உரசித் தேய்ந்த மாதிரி. நடுவில் தேய்மானமே இல்லை, ஆனால் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் எண்ணெய் இறங்கிய வட்டங்கள் தெரிந்தன. பூதக்கண்ணாடியை வைத்தேன். இழைகளுக்கு இடையில், தையல் பக்கத்தில், வெள்ளையாக ஏதோ காய்ந்து பொருக்காக ஒட்டியிருந்தது. ஊசியால் நோண்டி, சின்னப் பாட்டிலில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் லேபில் கூட்டம் ஓய்ந்தபிறகு அதை ஸ்லைடில் வைத்து ஒரு சொட்டு அயோடின் விட்டேன். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் செய்த சோதனைதான், உருளைக்கிழங்கில் விட்டால் நீலக் கறுப்பாகுமே, அது. மாவுச்சத்து இருந்தால் நிறம் மாறும். பருத்திச் சேலை என்றால் கஞ்சி போட்டிருப்பார்கள் என்று சொல்லலாம். கம்பளிக்கு எவர் கஞ்சி போடுவார்?

பார்த்துக்கொண்டே இருக்கும்போது நீலக் கறுப்பாக மாறியது.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண் என்னக்கா என்றாள். ஒன்றுமில்லை என்றேன். ரொட்டி மாவு! எங்கள் அம்மா தலைக்குக் குளித்துவிட்டுத் தொட்ட கம்பளத்தில், முறுக்குக் கையோடு போனதற்கு நான் அடி வாங்கிய கம்பளத்தில், எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே ஒரு குடும்பத்து எச்சில் மொத்தமும் ஊறிக் கிடந்திருக்கிறது. எச்சில் படுவதற்கென்றே நெய்த துணி அது.

பஸ்ஸில் திரும்பும்போது சிரிப்பு போய்விட்டது. புதுச்சத்திரம் தாண்டும்போது என் மேலும், எங்கள் வீட்டின் மேலும் எனக்கு எரிச்சல் வந்தது. முஸ்லிம் வீட்டுப் பொருள் என்றதும் தொழுகையைத் தவிர வேறு எதுவுமே ஏன் எங்களுக்குத் தோன்றவில்லை? அவர்கள் சாப்பிட மாட்டார்களா? மாவு பிசைய மாட்டார்களா, குழம்பைக் கொட்டிவிட்டுத் திட்டு வாங்க மாட்டார்களா? மரியாதை என்றுதான் செய்தோம், பொய்யில்லை. ஆனால் மரியாதை கொடுத்தே ஒருத்தரைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துவிடலாம் போலிருக்கிறது. கும்பிட்டுத் தள்ளிவைப்பது சுலபம், பக்கத்தில் உட்காருவதுதான் கஷ்டம்.

அப்பாவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார், பையை எடு போகலாம் என்பார் என்று நினைத்தேன். தேய்ந்த இடங்களைக் காட்டினேன். எண்ணெய் வட்டத்தைக் காட்டினேன். "தொழுவுற பாய் இல்லப்பா. சாப்பாட்டு விரிப்பு. அமானிதமும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்களுக்குன்னு குடுத்திருக்காரு."

 அப்பா கம்பளத்தின் வெறுமையான நடுப்பாகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அதுவரைக்கும் அம்மாவிடம்கூடச் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"ரூம்ல அவனும் அவன் ஊருக்காரங்களும் நாலஞ்சு பேரு ஒரே தட்டச் சுத்தி உக்காந்து சாப்புடுவாங்கம்மா, கீழ பேப்பர விரிச்சிக்கினு. அவன் தெனம் கூப்புடுவான், வா சாப்புடுன்னு. நான் தனியா ஆக்கி, தனித் தட்டுல போட்டு, செவுத்தப் பாத்து உக்காந்து சாப்புடுவேன். மாட்டுக்கறியா இருக்கும்னு மொதல்ல போவல. அது தெரிஞ்சு எனக்காவ கோழி மட்டும் ஆக்க ஆரம்பிச்சான். அப்பவும் போவல. அஞ்சு பேரு கை வெச்ச தட்டு, எச்ச. நமக்கு எப்பிடி எறங்கும், சொல்லு? சாப்புட்டேன் சாப்புட்டேன்னே சொல்லிக்கினு இருந்தேன்."

"அவரு கோவிச்சுக்கலையா?"

"கோவிச்சிருந்தா பரவாயில்லையே! என் பங்க ஓரமா ஒதுக்கி வெச்சிருப்பான், யாரையும் தொட வுட மாட்டான். ஆறிப்போயி கடைசில அவனே துன்னுடுவான். மறுநாளு மறுபடியும் கூப்புடுவான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கடைசி வரைக்கும் கூப்புட்டான். நான் போவல. ஏர்போர்ட்டுல வந்து இத குடுத்தான். நான் இன்னா பண்ணேன்? எச்ச படாம வெச்சேன்."

 ஆறுதலாக எதையாவது சொல்லியிருக்கலாம். கையிலிருந்ததில் நல்லதாக ஒன்றை எடுத்துக் கொடுத்திருப்பாரப்பா, இதையெல்லாம் நினைத்திருக்க மாட்டார் என்று. உண்மையாகவும் இருக்கலாம். அந்த மனுஷர் மனதில் இருந்ததைக் காட்டிக் கொடுக்க என்னிடம் அயோடின் இல்லை. ஆனால் அப்பாவுக்குச் சந்தேகமே இல்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே போனை எடுத்தார். லால்பேட்டை மாமாவுக்கு விஷயத்தைச் சொன்னார். மாமாவின் குரல் எனக்கும் கேட்டது. "அட, சுப்ராவா? அங்க பிளாஸ்டிக்குல ரோல் ரோலா வாங்கி விரிப்போமே மச்சான், சோத்துக்கு அடியில, அதானா? அத எவனாவது திருப்பிக் குடுப்பானா? விரிச்சு சாப்புடுய்யா!"

"அதுக்குத்தான் போன் பண்ணேன்" என்றார் அப்பா. "அட்மிஷன் அன்னிக்கு மத்தியானம் உன் வீட்டுக்கு வரேன். உங்க கல்யாணத்துல வெப்பீங்களே, எல்லாரும் ஒண்ணா, அந்த மாதிரி வையி. சாப்புட்டுட்டு அப்பிடியே ஆஸ்பத்திரிக்குப் போயிடுறேன்."

லால்பேட்டைக் கல்யாணங்களில் பெரிய தட்டு ஒன்றில் பிரியாணியைக் கொட்டி, நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து கைபோட்டுச் சாப்பிடுவார்கள். சஹன் என்று பேர். அப்பா அங்கே எத்தனையோ கல்யாணங்களுக்குப் போயிருக்கிறார். மொய் எழுதிவிட்டு, சர்க்கரை ஜாஸ்தி, வயிறு சரியில்லை என்று ஏதாவது சொல்லிவிட்டு வந்துவிடுவார். பிரியாணி என்றதும் எனக்குத்தான் பயம். எண்ணெய், உப்பு, கறி, மூன்றும் கூடாது என்று டாக்டர் சொன்ன ஆளை நான் ரசம் சாதத்தில் அடைத்து வைத்திருக்கிறேன். டாக்டருக்கே போன் போட்டுக் கேட்டேன். ரெண்டு வாய் தின்னட்டும், ஆளைக் கொண்டுவந்து சேருங்கள் முதலில் என்றார்.

அந்த நாளும் வந்தது. ஆஸ்பத்திரிப் பையைக் காரிலேயே வைத்துவிட்டு, கம்பளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனோம். மாமா ஹாலில் மின்விசிறிக்கு அடியில் கம்பளத்தை விரித்தார். உள்ளே பெண்களோடு சாப்பிட வாம்மா என்று மாமி என்னைக் கூப்பிட்டாள். நான் அப்பாவை விட்டு நகரவில்லை, கையில் துண்டோடு பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். எண்ணெய் குறைத்து, கோழிதான் போட்டிருக்கிறோம் என்று மாமி வாசலிலேயே நின்று சத்தியம் பண்ணினாள். மாமாவும் அவருடைய இரண்டு மருமகன்களும் அப்பாவும் தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நாலு பேரின் முட்டியும் சரியாக அந்தத் தேய்ந்த கரையில் போய்ப் படிந்தது.

அப்பாவின் கை தட்டுக்கு மேல் போய் நின்றது. மூன்று கைகள் ஏற்கெனவே சோற்றுக்குள் இருந்தன. எல்லோரும் அவரைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா நல்ல துண்டமாக ஒன்றைப் பிய்த்து அப்பா பக்கம் தள்ளிவைத்தார். அப்பா அந்தத் துண்டத்தையே பார்த்தார். எனக்கு அவர் நெஞ்சுதான் ஞாபகம், மாத்திரை டப்பாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பிறகு அவர் கை இறங்கியது. பிசைந்தார், எடுத்தார், வாயில் வைத்தார். மென்றுகொண்டே அழுதார். மாமா மருமகன்களோடு மழையைப் பற்றி என்னவோ சத்தமாகப் பேச ஆரம்பித்தார்.

இரண்டு வாய் என்று சொல்லி நான் கூட்டிவந்தவர் நிறுத்தவில்லை. நானும் எண்ணவில்லை. நாலாவதோ ஐந்தாவதோ எடுக்கும்போது மசாலாச் சோறு ஒரு கொத்து தட்டைத் தாண்டி விழுந்தது. எங்கள் அம்மா அத்தனை வருஷம் காப்பாற்றின அந்த ஒட்டக நிறத்தில் மஞ்சளாக எண்ணெய் இறங்குவதை நான் பார்த்தேன். யோசிப்பதற்கு முன்னாலேயே என் கை துண்டோடு பாய்ந்துவிட்டது.

அப்பா சோற்றுக் கையோடு என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வுடும்மா. அதுக்குத்தான் குடுத்தான்."